பின்னறையில் வைத்த கிழங்கு

பிரகாஷ்,

தேவகி அத்தை போய்விட்டாள் என்று அப்பா உன்னிடம் சொன்ன அன்று, நீ உடனே போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாய். "அம்மா, அத்தை கடைசியா என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டாய். நான் அவள் வீட்டு வாசலில் நின்றிருந்தேன். சாவு மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். நீ கேட்டது எனக்கு நன்றாகவே கேட்டது. அதற்கு ஆமாம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது என்பதால்தான் அப்படிச் செய்தேன். அதன் பிறகு நீ அதைக் கேட்கவே இல்லை. கல்யாண மண்டபம், புடவை, சாப்பாடு என்று எல்லாவற்றையும் கேட்கிறாய், அதை மட்டும் கேட்பதில்லை. எனக்குப் போனில் சொல்ல வராது. பாதியில் அழுவேன், நீ "விடும்மா" என்பாய், அதோடு போய்விடும். அதனால் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். வரிசையாக எழுதினால்தான் எனக்கே ஒழுங்காக வரும். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் பின்னால் இதைப் படித்தாலும் நல்லதுதான்.

தேவகி அப்பாவுக்குக் கூடப் பிறந்தவள் இல்லை. மந்தைவெளியில் நம் வீட்டுக்குப் பின் சந்தில் தகரக் கொட்டகை போட்டு மாடு வைத்திருந்தவள், அவ்வளவுதான் உறவு. ஆனால் அவள் புருஷன் ஆட்டோ கவிழ்ந்து செத்துப்போன நாளிலிருந்து அப்பா அவளைத் தங்கச்சி என்றுதான் சொல்வார். அவளும் அண்ணே, அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். நீ பால் குடித்து வளர்ந்ததெல்லாம் அவள் வீட்டுப் பால். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையைக்கூடக் கழற்றாமல் கொட்டகைக்குத்தான் ஓடுவாய். அவள் மகள் சுமதியும் நீயும் ஒரே வகுப்பு. மாட வீதிக்கு உள்ளே இருக்கும் நம் காய்கறிக் கடையில் மிஞ்சுகிற முட்டைக்கோஸ் இலை, பீட்ரூட் தழை, கீரைத்தண்டு எல்லாம் சாயங்காலமானால் கூடையில் அவள் கொட்டகைக்குப் போய்விடும். செல்லி என்கிற அந்த மாடு நம் கூடைக்காகவே கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த ஒரு மாட்டின் பாலை வைத்துத்தான் தேவகி வீட்டை நடத்தினாள். சுமதியை நர்ஸ் படிப்பில் சேர்த்ததும் அதை வைத்துத்தான்.

நீ பி.காம். முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப்போட்டுக்கொண்டிருந்த வருஷம் அது. சும்மா இருக்கப் பிடிக்காமல் அப்பாவோடு கடைக்கு வந்தாய். கார்த்திகையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு நிறைய வந்து இறங்கியது. பொங்கலுக்கு மயிலாப்பூரில் எல்லோரும் கிழங்கு தேடுவார்கள், இப்போதே வாங்கி வீட்டுப் பின்னறையில் வைத்துவிடலாம் என்றாய். அப்பாவுக்கு அது பழக்கமில்லை. காலையில் கோயம்பேட்டில் வாங்கியதைச் சாயங்காலத்துக்குள் விற்றுவிட்டு வீட்டுக்கு வருகிறவர் அவர். எதையும் வைத்து விற்றதில்லை. ஆனால் நீ முதன்முதலாக ஆசைப்பட்டுக் கேட்ட வேலை. "செய் நைனா" என்றார். நீ பின்னறையில் இருந்த பழைய கட்டில், சைக்கிள் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாய். மூட்டைகள் வந்தன. மண்ணோடு இருந்தால் பார்க்க நன்றாக இல்லையென்று ஒவ்வொரு கிழங்காகத் தண்ணீரில் கழுவித் துடைத்தாய். சிவப்பாகப் பளபளவென்று தரை முழுக்கப் பரப்பியிருந்ததை நான் வாசலில் நின்று பார்த்தேன். ஏதோ நகைக்கடை போல இருந்தது. உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

ஈரம் இருந்தால்தானே கெடும், வெங்காயத்துக்குச் செய்கிற மாதிரி செய்துவிடலாம் என்று இரண்டு மின்விசிறியை வைத்து ஓடவிட்டாய். கொஞ்ச நாளில் கிழங்கின் முனைகள் சுருங்கின. பிறகு உடம்பே சுருங்கியது. கையில் எடுத்து அழுத்தினால் ரப்பர் மாதிரி வளைந்தது. ஒரு மூட்டையைத் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டு நீ வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாய். உள்ளே இருந்த தண்ணீரெல்லாம் காற்றோடு போய்விட்டது என்று அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. இருக்கிறதை இப்போதே வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்றார். சுருங்கின கிழங்கை யார் வாங்குவார்கள் என்று நீ கேட்டாய். அதுவும் நியாயம்தான். மின்விசிறியை நிறுத்தினாய். போன தண்ணீரைத் திரும்பக் கொடுத்துவிடலாம் என்று நினைத்து, கிழங்கின் மேல் தண்ணீர் தெளித்து, நனைத்த சாக்கைப் போர்த்தி, அதன் மேல் தார்ப்பாய் போட்டு மூடினாய். இரண்டொரு நாளில் தோல் கொஞ்சம் விறைத்த மாதிரி தெரிந்தது. என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாய். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. பிழைத்துக்கொண்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

அப்புறம் புயல் மழை வந்தது. மின்சாரம் போனது. வேளச்சேரியில் உன் நண்பன் வீட்டுக் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர், அவன் அப்பா நடக்க முடியாதவர் என்று போன் வந்ததும் நீ கிளம்பிவிட்டாய். அங்கே இடுப்பளவு தண்ணீரில் அவரைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாய் என்று அந்தப் பையன் பிறகு எங்களிடம் வந்து சொன்னான். நீ சொல்லவில்லை. மழை ஓயும்வரை நீ அங்கேயே இருந்தாய். நானும் அப்பாவும் கடைக்குள் ஏறிய தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தோம். பின்னறைக் கதவை யாரும் திறக்கவில்லை.

நீ திரும்பி வந்து திறந்தாய். புளித்த கள் மாதிரி ஒரு வாடை கூடம்வரை வந்தது. சாக்கை எடுத்தால், கிழங்கின் மேல் சாம்பல் நிறத்தில் முடி முளைத்த மாதிரி பூஞ்சணம். சிலது தொட்டாலே கூழாக ஒழுகியது. சிலது மேலே நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அங்கங்கே காசு அகலத்துக்குக் கருப்புத் திட்டு. நீ அள்ள ஆரம்பித்தாய். நாங்களும் உட்கார்ந்தோம். ஒழுகினதெல்லாம் குப்பைக்குப் போனது. திட்டு விழுந்ததையெல்லாம் நான் அரிவாள்மனையில் வெட்டி வெட்டிக் கூடையில் போட்டேன். மிச்சத்தையாவது விற்கலாமா என்று பார்க்க அப்பா இரண்டு கிழங்கை வேகவைக்கச் சொன்னார். ஒரு வாய் வைத்துவிட்டு வெளியே போய்த் துப்பினார். கசப்பு. திட்டை வெட்டி எடுத்தும் கசப்பு போகவில்லை. "இத்த யாருக்கும் விக்கக் கூடாது நைனா" என்றார். உன்னைத் திட்டவில்லை. அவர் திட்டியிருந்தால் உனக்கு நன்றாக இருந்திருக்கும் என்று நீ பிறகு ஒருமுறை சொன்னாய்.

அன்று சாயங்காலம் தேவகி வழக்கம்போல் தழைக்கு வந்தாள். மழைக்கு அப்புறம் தீவனமே கிடைக்காத நேரம். கொட்டகைக்குள் வைக்கோல் எல்லாம் நனைந்து போயிருந்தது. இவ்வளவு கிழங்கையுமா கொட்டப்போகிறீர்கள் என்று அவள்தான் கேட்டாளா, மாட்டுக்கு ஆகுமா என்று நீயாகக் கேட்டாயா, எனக்கு இன்றைக்கும் நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசின மாதிரிதான் ஞாபகம். கசக்குமே என்று நீ சொன்னது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. வேப்பிலையையே மாடு தின்கிறது, இது என்ன என்று அவள் சிரித்தாள். நான் வெட்டின துண்டுகளையெல்லாம் நீ கூடையோடு தூக்கிக்கொண்டு போனாய். செல்லிக்குக் கிழங்கு என்றால் உயிர். நீ கையாலேயே ஊட்டியிருக்கிறாய். கொட்டகையிலிருந்து வரும்போது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. நம் கிழங்கு வீணாகவில்லை, ஒரு வாய்க்காவது போனது என்று சொன்னாய்.

மறுநாள் செல்லி தீனி எடுக்கவில்லை. சாயங்காலத்துக்குள் கழுத்தை நீட்டி, வாயைத் திறந்துகொண்டு மூச்சு விட ஆரம்பித்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு முனகல். வாயோரம் நுரை. கன்றுக்குட்டியைத் தள்ளிக் கட்டினார்கள். நீதான் ஓடிப்போய் மாட்டு டாக்டரை அழைத்து வந்தாய். சின்ன வயசுப் பெண். அவள் மாட்டின் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, தொட்டியைக் கிளறினாள். அடியில் கிடந்த ஒரு கருத்த துண்டை எடுத்து விளக்கருகில் பிடித்துப் பார்த்தாள். பூஞ்சணம் பிடிக்கும்போது இந்தக் கிழங்கே ஒரு கசப்பைச் சுரக்கிறது, அது மாட்டின் நுரையீரலைக் கெடுத்துவிடும், கருத்த இடத்தில்தான் அது அதிகம் என்று பொறுமையாகச் சொன்னாள். பிறகு, இதை யார் போட்டது என்று கேட்டாள்.

அந்த இடத்தில் சந்து முழுக்க ஆள் நின்றது. யாரும் உன்னைக் காட்டிக் கொடுத்திருக்க மாட்டார்கள். தேவகியே வாயைத் திறக்கவில்லை. நீ முன்னால் வந்து, "நான்தான் போட்டேன்" என்றாய். குரல் நடுங்கவில்லை. அந்த நிமிஷத்தில் உன்னைப் பெற்றதற்காக நான் தலை நிமிர்ந்து நின்றேன். இதை உன்னிடம் நான் எப்போதும் சொன்னதில்லை. எல்லாம் முடிந்து அழுகையாகப் போய்விட்டது, சொல்ல வாய்க்கவில்லை. இப்போது எழுதுகிறேன். நாளைக்குக் குடித்தனம் நடத்தும்போது எத்தனையோ தப்பு நடக்கும். தெரிந்து நடப்பது, தெரியாமல் நடப்பது இரண்டும் இருக்கும். கட்டிக்கொண்டவளிடம் அன்றைக்கு மாதிரியே முன்னால் வந்து நின்று சொல்லிவிடு. உனக்கு அது வரும். நான் பார்த்திருக்கிறேன்.

டாக்டர் ஊசி போட்டாள். பெரிதாக நம்பிக்கை கொடுக்கவில்லை. நீ கொட்டகையை விட்டு நகரவில்லை. மறுநாள் உச்சிவேளையில் செல்லி போய்விட்டது. வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும்வரை தேவகி அழவே இல்லை. கன்று மட்டும் கத்திக்கொண்டிருந்தது. வண்டி சந்து முனையில் திரும்பியதும் அவள் உன்னைப் பார்த்து, "நீ இனிமே இங்க வராத" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். நீ தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாய்.

அதற்கப்புறம் நடந்ததில் பாதி உனக்குத் தெரியும். வேறொரு மாடு பிடித்துக் கொடுக்கிறேன் என்று அப்பா போய்க் கேட்டார். வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டாள். கன்றை யாரோ உறவுக்காரர்களிடம் கொடுத்துவிட்டாள். அடையாறு பக்கம் அடுக்குமாடி வீடுகளில் சமையல் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். சுமதி நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு தி.நகரில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தாள். நாள் முழுக்க நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டுகிற வேலை. அவள் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்க முடியாமல் நடந்து வருவதை நீ ஒருநாள் பார்த்தாய். அந்த வாரமே ஓசூரில் கிடைத்த வேலைக்குச் சரி என்று எழுதிவிட்டாய் என்று எனக்குத் தெரியும். சம்பளம் நல்லா இருக்கும்மா என்று சொன்னாய். நானும் நம்பின மாதிரி இருந்துவிட்டேன். தீபாவளிக்கு வந்தாலும் பஸ் நிறுத்தத்திலிருந்து சுற்று வழியில்தான் வீட்டுக்கு வருவாய். மறுநாளே கிளம்பிவிடுவாய். அவித்த கிழங்கைத் தட்டில் வைத்தால் தொடமாட்டாய். நானும் வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

உனக்கு முழுசாகத் தெரியாதது இனிமேல்தான் இருக்கிறது. செல்லி போன அடுத்த வருஷம், கார்த்திகையில், நல்ல தூறலில் தேவகி நம் கடைக்கு வந்தாள். அந்த ஒரு வருஷமும் கடை இருக்கிற பக்கமே வராதவள். அப்பா கோயம்பேட்டுக்குப் போயிருந்தார், நான்தான் இருந்தேன். கிழங்கு குவியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, விரலால் அழுத்தி, மோந்து பார்த்து, நான்கைந்தைப் பொறுக்கித் தட்டில் வைத்தாள். நான் நிறுத்துப் போட்டேன். பையை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள்.

"எங்க கீறான் அவன்?" என்று கேட்டாள்.

ஓசூரில் இருக்கிறான் என்றேன்.

"ஏன், இங்க வரமாட்டானாமா?"

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. நீதானே வராதே என்று சொன்னாய் என்றேன். அவள் என்னையே பார்த்தாள்.

"சொன்னேன். வயிறு எரிஞ்சி சொன்னேன் அண்ணி. அதுக்கு? அந்தப் பேச்சயே புடிச்சிக்கினு நிப்பானா?"

சொல்லிவிட்டுத் தூறலில் இறங்கிப் போய்விட்டாள். அன்றைக்கே உனக்குப் போன் செய்து, அத்தை உன்னைக் கேட்டாள் என்றேன். ஷிப்டு இருக்கும்மா, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டாய். அடுத்த முறை சொன்னபோதும் அப்படியே. மூன்றாவது முறை நான் ஆரம்பிக்கும்போதே, அவர்கள் மரியாதைக்குக் கேட்டிருப்பார்கள், சுமதி முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன் என்றாய். அதற்கு மேல் நானும் வற்புறுத்தவில்லை. எப்படியும் ஒருநாள் வருவாய் என்று இருந்தேன். அவளும் அப்படித்தான் இருந்திருப்பாள்.

கண்ணு, இதை ஒன்று மட்டும் மனசில் வைத்துக்கொள். ஒருத்தர் எரிச்சலில் வராதே என்றால், அது அன்றைய நாளுக்கான வார்த்தை. அடுத்த வருஷமும் அதையேதான் சொல்வார்கள் என்று நீயாக முடிவு கட்டிக்கொள்ளாதே. போய்க் கேட்டுப் பார். மறுபடியும் திட்டினால் திட்டட்டும், வாங்கிக்கொண்டு வா. உன் அப்பாவும் நானும் எத்தனை தடவை முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்கிறோம் என்று நீயே பார்த்திருக்கிறாய். யாராவது ஒருத்தர் போய், சாப்பிட்டியா என்று கேட்டால்தான் அது முடியும். கேட்கிறவர் தோற்றவர் என்று நம் வீட்டில் யாரும் நினைத்ததில்லை. நீ மட்டும் ஏன் இப்படி ஆனாய் என்று யோசித்துப் பார்த்தேன். உனக்கு அவள் மேல் பயம் இல்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே வா என்று கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்பதுதான் உன் பயம் என்று எனக்குத் தோன்றுகிறது. தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள்.

இந்த வருஷம் ஆடி மாதத்திலிருந்து தேவகிக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை அரசாங்க ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் பண்ணப் போவாள். சுமதிக்கு லீவு கிடைக்காத நாளில் நான் கூடப் போவேன். முகம் ஊதி, கையெல்லாம் ஊசி குத்தின இடம் புடைத்து, அவளை அவளென்றே சொல்ல முடியாது. எதைச் சாப்பிடக் கூடாது என்று ஒரு பெரிய வரிசையே சொன்னார்கள். பழம் கூடாது, இளநீர் கூடாது, கிழங்கு கூடவே கூடாது. ஒருநாள் மெஷினில் படுத்துக்கொண்டு, ஒரே ஒரு துண்டு அவித்த கிழங்கு கொண்டு வா அண்ணி என்றாள். அன்றைக்குச் சுமதியும் இருந்தாள். படிப்பைப் பாதியில் விட்டாலும் அவளுக்கு இதெல்லாம் தெரியும். வேண்டாம் என்று எனக்குக் கண்ணைக் காட்டினாள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று நான் பேச்சை மாற்றினேன். தேவகி சிரித்துக்கொண்டே, உனக்கும் பயம் புடிச்சிக்கிச்சா என்றாள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னபோது, ஒரு துண்டு குடுத்திருக்கலாமே என்றார். எனக்கு இன்னும் தெரியவில்லை, எது சரி என்று.

உன் கல்யாணம் நிச்சயமானதை அங்கே வைத்துத்தான் அவளிடம் சொன்னேன். ஆதம்பாக்கத்துப் பெண், கணக்கு வேலை பார்க்கிறாள், தை மாதம் முகூர்த்தம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "பத்திரிகை எனக்கு யாரு வைப்பா, நீயா அவனா?" என்றாள். அவனே வருவான் என்றேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன்.

"வரட்டும். அவங்கையாலதான் வாங்குவேன். நீ கொண்டாந்தா வாங்கமாட்டேன், சொல்லிட்டேன்."

இதுதான் அவள் சொன்னது, பிரகாஷ். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. உன் மனசு ஆறட்டும் என்று நானாக அப்படி ஒன்றை எழுதினால் அது பொய். அவள் உன் கையால் பத்திரிகை வாங்கிக்கொள்ள இருந்தாள். பத்திரிகை அச்சாகி வருவதற்குள் போய்விட்டாள். ஒரு காலையில் சுமதி காபி போட்டுக்கொண்டு வந்து எழுப்பியிருக்கிறாள், எழுந்திருக்கவில்லை. அப்பா அன்றைக்குத் தோள் கொடுத்தார். திரும்பி வந்து குளித்துவிட்டு, தலையைக்கூடத் துவட்டாமல் பின்னறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். கூடப் பிறந்தவளாக இருந்தால்கூட இவ்வளவு அழுதிருப்பாரா என்று தெரியவில்லை.

பத்திரிகை வந்துவிட்டது. நான்கு முனையிலும் மஞ்சள் தடவிச் சாமி முன்னால் வைத்தாயிற்று. சாமிக்கு அடுத்தது தாய்மாமனுக்குத்தான் என்று ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து உன் மாமா வந்து உட்கார்ந்திருந்தார். அப்பா எடுத்துக் கொடுக்கவில்லை. முதல் பத்திரிகையைத் தேவகி வீட்டுக்கு நீதான் வைக்க வேண்டும், அதற்கப்புறம்தான் மற்றவர்களுக்கு என்று சொல்லிவிட்டார். சாவு விழுந்த வீட்டுக்கா முதல் பத்திரிகை என்று மாமாவுக்குக் கோபம். அப்பா வழக்கமாக மாமாவை எதிர்த்துப் பேசமாட்டார், உனக்குத் தெரியும். அன்றைக்குப் பேசினார். "அது அவன் அத்த வூடு. சாவு வுழுந்துட்டா அத்த வூடு இல்லன்னு ஆயிடுமா?" என்றார். மாமா காபியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவரை நான் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். நீ அதைப் பற்றிக் கவலைப்படாதே.

காரியம் எல்லாம் முடிந்தபின் நான் சுமதியைப் போய்ப் பார்த்தேன். அவளைக் கேட்காமல் உன்னை வரச் சொல்வது சரியில்லை என்று தோன்றியது. அம்மாவின் புடவைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். துணிக்கடையில் மடிக்கிற மாதிரி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, ஒரு சுருக்கமில்லாமல். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரு புடவையை மடித்து முடித்தாள்.

"அம்மா அவன் கையால வாங்கிக்கிறேன்னாங்க. அது அம்மா. நான் இன்னா செய்வேன்னு எனக்கே தெரியல அத்த. வரட்டும்" என்றாள்.

என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் நான் கிளம்பும்போது தெருமுனை வரைக்கும் கூட வந்தாள்.

அதனால் அவள் வாங்கிக்கொள்வாள் என்று என்னால் எழுத முடியாது. வாசலிலேயே நிற்க வைக்கலாம். பாதியில் விட்ட படிப்பைப் பற்றி ஏதாவது சொல்லலாம். ஒன்றும் சொல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம், அதுதான் உனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கும். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வராதே. தெரியாமல் நடந்தது என்று ஆரம்பிக்காதே, அது அவளுக்குத் தெரியும். சுற்று வழியில் போகாமல் கொட்டகை இருந்த சந்து வழியாகவே போ. இப்போது அங்கே யாரோ பைக் நிறுத்துகிறார்கள். கதவைத் தட்டி, பெயரைச் சொல்லி நில். நான் உன்கூட வரமாட்டேன், அப்பாவும் வரமாட்டார்.

துணிக்கடையில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம், அவளுக்கு லீவு கிடையாது. செவ்வாய்க்கிழமைதான் வீட்டில் இருப்பாள். செவ்வாயில் பத்திரிகை வைக்கலாமா என்று மாமா கேட்பார். அவள் வீட்டில் இருக்கிற நாள் அதுதான். லீவு சொல்லிவிட்டு வா.

அம்மா